ஒரே வீட்டில் இரண்டு ஆஸ்பிரின்: இருவரும் நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 72. சர்க்கரை கிடையாது. ரத்த அழுத்தத்துக்கும் கொலஸ்ட்ராலுக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். ‘இதயத்துக்குப் பாதுகாப்பாக இருக்கட்டும்’ என்று பல வருடங்களுக்கு முன்பு ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்த 75 மி.கி. ஆஸ்பிரினையும் தினமும் போட்டுவந்தேன். மாரடைப்போ பக்கவாதமோ எனக்கு வந்ததில்லை. என் கணவருக்கு 75 வயது. நான்கு வருடங்களுக்கு முன்பு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அவருக்கும் ஆஸ்பிரின் உண்டு. கூடவே பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை), ஸ்டாட்டின் (கொலஸ்ட்ரால் மாத்திரை). போன வாரம் எங்கள் மகன் ஒரு செய்தி அனுப்பினான்: ‘70 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆஸ்பிரினால் பலன் இல்லை, ரத்தக்கசிவுதான் மிச்சம்.’ படித்ததும் இரண்டு பேருமே நிறுத்திவிட்டோம். இப்போது, மாரடைப்பு வந்தவர்களுக்குப் பீட்டா பிளாக்கரும் வேண்டாம் என்று இன்னொரு செய்தி. அதையும் நிறுத்தப்போவதாக அவர் சொல்கிறார். இன்றைக்கு நல்லது என்கிறார்கள், நாளைக்குக் கெட்டது என்கிறார்கள். ஆராய்ச்சிகளில் எதைத்தான் நம்புவது, டாக்டர்?

பதில்: அம்மா, உங்கள் கேள்விக்கு வருவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இதை முழுக்கப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். உங்கள் கணவரின் இதய மருத்துவருக்கு இன்றே போன் செய்து, ‘ஒரு வாரமாக ஆஸ்பிரினை நிறுத்திவிட்டோம்’ என்று சொல்லுங்கள். வயிற்றுப் புண், ரத்தக்கசிவு, ஒவ்வாமை என்று தனிக் காரணம் ஏதும் இல்லாவிட்டால், உடனே மறுபடியும் தொடங்கச் சொல்வார் என்றே நினைக்கிறேன். பீட்டா பிளாக்கரில் கை வைக்க வேண்டாம் என்று உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். நெஞ்சில் அழுத்தம், மூச்சுத் திணறல், திடீரென்று வியர்த்துக் கொட்டுவது, ஒரு கை அல்லது முகத்தின் ஒரு பக்கம் செயலிழப்பது, பேச்சுக் குழறுவது, இவற்றில் எது வந்தாலும் போனில் ஆலோசனை கேட்டுக்கொண்டிருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரம்? நம் ரத்தத்தில் தட்டணுக்கள் என்று சிறு அணுக்கள் இருக்கின்றன. ரத்தக் குழாயில் கீறல் விழுந்தால் ஓடிவந்து ஒன்றோடொன்று ஒட்டி அடைப்பவை அவைதான். ஸ்டென்ட் வைத்த இடத்திலோ கொழுப்புப் படிவம் வெடித்த இடத்திலோ அவை அதே வேலையைச் செய்தால், அதுதான் மாரடைப்பு. ஆஸ்பிரின் ஒரு தட்டணுவைத் தொட்டுவிட்டால், அந்த அணு சாகும்வரை அதன் ஒட்டும் தன்மை குறைந்தே இருக்கும். ஆனால் ஒரு தட்டணுவின் ஆயுள் ஏழிலிருந்து பத்து நாள்தான். தினமும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு புதிதாக உருவாகிறது. ஆகவே மாத்திரையை நிறுத்திய மறுநாள் ஒன்றும் தெரியாது. ஒரு வாரம் பத்து நாளில் பாதுகாப்பு முழுவதும் கழன்றுவிடும். உங்கள் கணவர் இப்போது அந்த நாட்களில்தான் இருக்கிறார்.

இனி உங்கள் மகன் அனுப்பிய செய்திக்கு வருகிறேன். அது பொய்ச் செய்தி இல்லை. அதன் அடியில் இருப்பது ‘ஆஸ்ப்ரீ’ என்ற ஆய்வு; ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 பேரைக் கொண்டு நடத்தி, 2018-ல் வெளியிட்டார்கள். பெரும்பாலும் 70 வயதைக் கடந்தவர்கள். பாதிப் பேருக்குத் தினம் 100 மி.கி. ஆஸ்பிரின், மீதிப் பாதிக்கு அதே போலத் தோன்றும் வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, மறதி நோயோ உடல் முடக்கமோ இல்லாமல் உயிரோடிருந்தவர்களின் எண்ணிக்கையில் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சேர்ந்த கணக்கிலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. பெரிய ரத்தக்கசிவு மட்டும் ஆஸ்பிரின் தரப்பில் 3.8 சதவீதம், மறுதரப்பில் 2.8 சதவீதம். அதாவது 100 பேர் ஐந்து வருடம் ஆஸ்பிரின் சாப்பிட்டால், கூடுதலாக ஒருவருக்குப் பெரிய ரத்தக்கசிவு.

செய்தியில் வராமல் போன ஒரு வரி இருக்கிறது. இந்த ஆய்வில் சேர்ந்தவர்களில் ஒருவருக்குக்கூட அதற்கு முன்பு மாரடைப்போ பக்கவாதமோ வந்ததில்லை. வந்தவர்களை ஆரம்பத்திலேயே சேர்க்கவில்லை. அப்படியானால் அந்த 19,114 பேரில் உங்களைப் போன்றவர்கள் இருந்தார்கள். உங்கள் கணவரைப் போன்றவர் ஒருவரும் இல்லை. அவரைப் பற்றி அந்த ஆய்வு எதுவுமே சொல்லவில்லை.

அவரைப் போன்றவர்களைப் பற்றிச் சொல்லும் ஆய்வுகள் வேறு. ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்த சுமார் 17,000 பேர் பங்கேற்ற 16 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2009-ல் ஒரு கணக்கெடுத்தார்கள். மறுபடியும் மாரடைப்போ பக்கவாதமோ வருவது, அவற்றால் உயிரிழப்பது, இவையெல்லாம் சேர்ந்து ஆஸ்பிரின் இல்லாதவர்களுக்கு ஆண்டுக்கு 8.2 சதவீதம், ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களுக்கு 6.7 சதவீதம். அதே குழு, இதய நோயே வராத 95,000 பேரின் கணக்கையும் பார்த்தது. அங்கே 0.57 சதவீதம் 0.51 ஆகக் குறைந்தது, அவ்வளவுதான். மாத்திரை ஒன்றுதான், அது தட்டணுவில் செய்யும் வேலையும் ஒன்றுதான். ஆபத்து அதிகம் உள்ளவருக்குத் தடுப்பதற்கு நிறைய இருக்கிறது. ஆபத்து குறைந்தவருக்குத் தடுப்பதற்கு அதிகம் இல்லை. ரத்தக்கசிவு ஆபத்தோ இருவரையும் விடுவதில்லை. வயிற்றின் உட்சுவரைக் காக்கும் பொருள் சுரப்பதையும் ஆஸ்பிரின் குறைத்துவிடுவதால் வரும் தொந்தரவு அது. வயது ஏற ஏற அதுவும் ஏறும்.

ஸ்வீடனில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் பயனாளர்களைப் பின்தொடர்ந்து 2017-ல் ஒரு ஆய்வு வந்தது. நிறுத்தியவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 37 சதவீதம் கூடுதலாக வந்ததாக அது சொல்கிறது. இதை நான் கொஞ்சம் தள்ளிவைத்தே படிப்பேன். இங்கே யாரும் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை. நிறுத்தியவர்கள் தாங்களாக நிறுத்தியவர்கள். ஏற்கெனவே உடம்பு சரியில்லாததால் நிறுத்தியவர்களும் அதில் இருந்திருப்பார்கள். ஆகவே அந்த 37-ஐ அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் குலுக்கல் முறை ஆய்வுகள் காட்டிய திசையிலேயே இதுவும் போவதால் அலட்சியப்படுத்தவும் மாட்டேன்.

உங்கள் விஷயம் வேறு. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், நீங்கள் நிறுத்தியதில் பெரிய தவறு எதுவும் தெரியவில்லை. அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பரிந்துரைக் குழு 2022-ல், இதய நோய் வராத 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் தடுப்புக்கென்று ஆஸ்பிரினைப் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நீங்கள் புதிதாகத் தொடங்குபவர் இல்லை, பல வருடம் சாப்பிட்டவர். அதனால் ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்: அந்த டாக்டர் வேறு காரணத்துக்காக எழுதவில்லையே? கழுத்து ரத்தக் குழாயிலோ கால் ரத்தக் குழாயிலோ அடைப்பு, சில நிமிடங்கள் வந்து சரியாகிப்போன பக்கவாதம், ரத்தம் உறையும் தன்மையில் கோளாறு, இப்படி ஏதாவது பழைய சீட்டில் இருந்தால் பதில் மாறிவிடும். சில நிமிடங்களில் சரியாகிவிட்டதால் மறந்தே போன பக்கவாதத்தைக் கேட்டுக் கேட்டு வெளியே எடுக்க வேண்டியிருக்கும் நோயாளிகளை நான் அடிக்கடி பார்க்கிறேன். ‘ஒரு நாள் வாய் குழறியது, தூங்கி எழுந்ததும் சரியாகிவிட்டது’ என்பார்கள். அப்படி ஒன்று உங்களுக்கு நடந்திருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படியானால் அன்றைக்கு எழுதிக்கொடுத்த டாக்டர் தவறு செய்தாரா? இதுதான் உங்கள் கடிதத்தின் அடியில் இருக்கும் கேள்வி. ‘இன்றைக்கு நல்லது, நாளைக்குக் கெட்டது’ என்று நீங்கள் சலித்துக்கொள்வதன் நியாயமும் அதில்தான் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1989-ல் அமெரிக்க மருத்துவர்கள் 22,071 பேரைக் கொண்டே நடத்திய ஒரு ஆய்வு வெளிவந்தது. ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு 44 சதவீதம் குறைவு. உலகமே அதைப் பேசியது. அந்த 44-ஐப் பிரித்துப் பார்த்தால்: வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் சுமார் 440 பேருக்கு மாரடைப்பு வந்தது, ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களில் சுமார் 255 பேருக்கு. இரண்டும் உண்மை. ஆனால் ‘44 சதவீதம் குறைவு’ என்று கேட்கும்போது மனதில் விழும் எடை வேறு, ‘ஆயிரம் பேர் ஒரு வருடம் சாப்பிட்டால் இரண்டு பேருக்குக் குறைவு’ என்று கேட்கும்போது விழும் எடை வேறு. செய்திகளில் பெரும்பாலும் முதல் எண்தான் வரும். சதவீதத்தைப் பார்த்ததும் ‘எத்தனையிலிருந்து எத்தனையாகக் குறைந்தது?’ என்று உங்கள் மகனைத் திருப்பிக் கேளுங்கள். நோயாளியின் வீட்டிலிருந்து இந்த ஒரு கேள்வி வந்தாலே என் போன்றவர்களுக்குப் பெரிய உதவி.

அந்த 22,071 பேரும் ஆண்கள். ஒரு பெண்கூட இல்லை! அந்த முடிவை வைத்துக்கொண்டு பல வருடம் பெண்களுக்கும் ஆஸ்பிரின் எழுதினோம். 2005-ல்தான் 39,876 பெண்களைப் பத்து வருடம் பின்தொடர்ந்த ஆய்வு வந்தது. ஒட்டுமொத்தமாக மாரடைப்பு குறையவில்லை. பக்கவாதம் 17 சதவீதம் குறைந்தது. அதற்குள் ஒரு சிறு பிரிவு, பத்தில் ஒரு பங்கினர், 65 வயதைத் தாண்டியவர்கள். அவர்களுக்கு மட்டும் மாரடைப்பும் குறைந்ததாகத் தெரிந்தது. வயதான பெண்களுக்கு ஆஸ்பிரின் நல்லது என்ற நம்பிக்கை அங்கே வலுப்பெற்றது. உங்கள் பழைய சீட்டின் பின்னால் அந்த நம்பிக்கை இருந்திருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். முழு ஆய்வுக்கென்று சேர்த்தவர்களை இப்படித் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்கும்போது கிடைக்கும் முடிவுகளில் பல தற்செயல். ‘ஆஸ்ப்ரீ’ ஆய்வு முதியவர்களையே நேரடியாகச் சேர்த்து, அதில் பாதிக்கும் மேல் பெண்களாகவே இருந்தும், அந்த நம்பிக்கை நிற்கவில்லை.

துண்டு போடுவதன் ஆபத்தைக் காட்ட எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு உதாரணம் உண்டு. 1988-ல் ‘ஐசிஸ்-2’ என்ற ஆய்வு. மாரடைப்பு என்ற சந்தேகத்தோடு மருத்துவமனைக்கு வந்த 17,187 பேர். ஒரு மாதம் ஆஸ்பிரின் கொடுத்ததில் ஐந்து வாரத்துக்குள் இதய, ரத்தக்குழாய் நோயால் இறந்தவர்கள் 11.8 சதவீதத்திலிருந்து 9.4 சதவீதமாகக் குறைந்தார்கள். இன்றைக்கும் மாரடைப்பு என்றதும் ஆஸ்பிரின் கொடுப்பதற்கு அடித்தளம் அதுதான். அந்த ஆய்வாளர்கள் வேண்டுமென்றே நோயாளிகளைப் பிறந்த தேதியின்படி மேற்கத்திய ராசிகளாகப் பிரித்துக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். மிதுனம், துலாம் ராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரினால் பலனே இல்லை, கொஞ்சம் பாதகம் என்றுகூட வந்தது! மற்ற ராசிகளுக்கு அமோகப் பலன். ராசிக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமில்லை என்று நமக்குத் தெரிவதால் அதைத் தள்ளிவிடுகிறோம். ‘65 வயதைத் தாண்டிய பெண்கள்’, ‘ஒல்லியானவர்கள்’, ‘இரவில் மாத்திரை போடுபவர்கள்’ என்று வரும்போது நம்பத் தோன்றுகிறது. ஆகவே ‘இந்த ஆய்வில் என்னைப் போன்றவர்கள் இருந்தார்களா?’ என்று கேளுங்கள் என்பேன். ‘அவர்களில் எனக்கு மட்டும் பொருந்தும் ஒரு மூலை இருக்கிறதா?’ என்று தேடாதீர்கள் என்றும் சேர்த்தே சொல்வேன்.

இடையில் இன்னொரு மாற்றமும் நடந்தது. 1980-களில் ஆஸ்பிரினைச் சோதித்தபோது ஸ்டாட்டின் பரவலாக இல்லை, ரத்த அழுத்தத்தை இன்றைக்குப் போல இறக்கிவைக்கவில்லை, புகைப்பவர்கள் அதிகம். நீங்கள் இப்போது ரத்த அழுத்தத்துக்கும் கொலஸ்ட்ராலுக்கும் மாத்திரை சாப்பிடுகிறீர்கள். மாரடைப்பின் ஆபத்தை அவையே ஓரளவு இறக்கிவிட்டன. ஆஸ்பிரின் வந்து குறைப்பதற்கு மிச்சம் இருப்பது குறைவு. அந்த டாக்டர் அன்றைக்குத் தெரிந்ததை வைத்து அன்றைய நோயாளிக்குச் சரியாகத்தான் எழுதியிருப்பார்.

பீட்டா பிளாக்கர் கதையும் இதே தடத்தில்தான் போகிறது, இன்னும் சிக்கலாக. மாரடைப்பு வந்தவர்களுக்கு அது உயிர் காக்கும் என்று காட்டிய பெரிய ஆய்வுகள் 1980-களின் தொடக்கத்தில் வந்தவை. 3,837 பேர் இருந்த ஒரு அமெரிக்க ஆய்வில் இறப்பு 9.8 சதவீதத்திலிருந்து 7.2 ஆகக் குறைந்தது. அடைப்பைச் சில மணி நேரத்தில் திறந்து ஸ்டென்ட் வைக்கும் காலம் அப்போது வரவில்லை. இதயத் தசையின் பெரும்பகுதி செத்துப்போன நோயாளிகள்தான் அதிகம். இன்றைக்கு நேரத்தோடு அடைப்பைத் திறந்துவிடுவதால், மாரடைப்புக்குப் பிறகும் பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் அளவு, நன்றாக இருப்பவர்கள் ஏராளம். அவர்களுக்கும் அது வேண்டுமா என்பதுதான் புதிய கேள்வி.

2025 ஆகஸ்ட் மாதம் ஐரோப்பிய இதய மருத்துவர் மாநாட்டில் ஒரே நாளில் இரண்டு பதில்கள் வந்தன. ஸ்பெயினிலும் இத்தாலியிலும் சுமார் 8,500 பேரைக் கொண்டு நடந்த ‘ரீபூட்’ ஆய்வு, பலன் இல்லை என்றது. நார்வேயிலும் டென்மார்க்கிலும் 5,574 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு, பலன் உண்டு என்றது: மரணம், மறு மாரடைப்பு போன்றவை சேர்ந்து 16.3 சதவீதமாக இருந்தது பீட்டா பிளாக்கர் சாப்பிட்டவர்களில் 14.2 ஆனது, பெரும்பாலும் மறு மாரடைப்பு குறைந்ததால். உங்கள் கணவர் படித்தது முதல் செய்தியாக இருக்க வேண்டும். இரண்டாவதைப் படித்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது!

இரண்டில் எது சரி என்று கேட்காதீர்கள். நோயாளிகளைப் பம்பிங் அளவின்படி பிரித்து, பல ஆய்வுகளின் விவரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது விஷயம் தெளிந்தது. பம்பிங் 50 சதவீதமோ அதற்கு மேலோ இருந்த 17,801 பேரில், பீட்டா பிளாக்கர் சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. பம்பிங் 40-க்கும் 49-க்கும் நடுவில் இருந்தவர்களுக்குப் பலன் இருந்தது. 40-க்குக் கீழே இருப்பவர்கள் இந்த ஆய்வுகளில் சேரவே இல்லை. அவர்களுக்கு அந்த மாத்திரை அவசியம் என்பது முன்பே முடிவான விஷயம். இது ராசிக் கணக்கு மாதிரியான துண்டு இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. பம்பிங் குறைந்தவர்களுக்கு இந்த மாத்திரை உதவும் என்பது முன்பே தெரிந்த விஷயம், அதன் காரணமும் தெரியும். எதிர்பார்த்த இடத்தில்தான் கோடு விழுந்திருக்கிறது. அதனால் நம்புகிறேன்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த ஆய்வுகளில் எல்லோரும் மாரடைப்பு வந்த புதிதில் சேர்ந்தவர்கள். ‘தொடங்கலாமா, வேண்டாமா?’ என்பதுதான் அங்கே கேள்வி. உங்கள் கணவரோ நான்கு வருடமாகச் சாப்பிட்டு வருபவர். ‘நிறுத்தலாமா?’ என்பது அவர் கேள்வி. அதைச் சோதிக்கப் பிரான்சில் 3,698 பேரைக் கொண்டு ‘அபிஸ்’ என்று ஒரு ஆய்வு நடந்து 2024-ல் வெளிவந்தது. நிறுத்துவது தொடர்வதைவிட மோசமில்லை என்று அவர்களால் நிரூபிக்க முடியவில்லை. மரணம், மாரடைப்பு, பக்கவாதம், இதயக் கோளாறால் மருத்துவமனையில் சேர்வது, இவையெல்லாம் சேர்ந்து நிறுத்தியவர்களில் 23.8 சதவீதம், தொடர்ந்தவர்களில் 21.1. பெரும்பாலான வித்தியாசம் மருத்துவமனையில் சேர்ந்ததில் வந்தது. நிறுத்தியவர்களுக்கு நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறின. அதைத் திடீரென்று விட்டால் அடக்கிவைத்திருந்த துடிப்பு ஒரேயடியாக எகிறும். சிலருக்கு நெஞ்சு வலியே வந்துவிடும். நிறுத்த வேண்டிய நிலை வந்தாலும் மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

ஆகவே அவருடைய எக்கோ ரிப்போர்ட்டைத் தேடி எடுங்கள். அதில் ‘ஈ.எஃப்.’ என்று இரண்டு ஆங்கில எழுத்து, பக்கத்தில் ஒரு சதவீதம் இருக்கும். அதுதான் பம்பிங். நான்கு வருடத்துக்கு முந்தைய எண் மட்டும் இருந்தால், புதிதாக ஒரு எக்கோ எடுக்கலாமா என்று கேளுங்கள். கூடவே, ரத்த அழுத்தத்துக்காகவோ படபடப்புக்காகவோ அந்த மாத்திரையைக் கொடுத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். அப்படி என்றால் மேலே சொன்ன ஆய்வுகள் எதுவும் அவருக்குப் பொருந்தாது. எண் நன்றாக இருந்து, வேறு காரணமும் இல்லை, மாத்திரையால் அசதியும் தலைசுற்றலும் இருக்கிறது என்றால், குறைத்துப் பார்க்க மருத்துவரே சம்மதிக்கக்கூடும். அந்த உரையாடலைக் கேட்டுப் பெற அவருக்கு எல்லா உரிமையும் இருக்கிறது.

எதை நம்புவது என்றீர்கள். ஆய்வுகள் ஒன்றையொன்று மறுப்பதாக நமக்குத் தோன்றும் இடங்களில், பெரும்பாலும் அவை வெவ்வேறு ஆட்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கின்றன. தலைப்பில் ‘முதியவர்கள்’ என்ற ஒரே சொல்லுக்குள் உங்களையும் உங்கள் கணவரையும் சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள். நான் கோபப்படுவது அங்கேதான். ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தால், ‘இதுவரை இதய நோய் வராதவர்களுக்கு’ என்று நான்கு சொல் சேர்த்திருந்தால், அவர் இந்த ஒரு வாரத்தைப் பாதுகாப்பில்லாமல் கழித்திருக்க மாட்டார். உங்கள் மகன் அக்கறையில்தான் அனுப்பினார், அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். இனி அனுப்பும்போது ஆய்வில் சேர்ந்தவர்கள் யார், அவர்களுக்கு ஏற்கெனவே என்ன நோய் இருந்தது என்பதைத் தேடிப் பார்த்துச் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். கிடைக்கவில்லை என்றால், அந்தச் செய்தியை வைத்து மாத்திரைப் பெட்டியில் எதையும் மாற்ற வேண்டாம்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, எக்கோ ரிப்போர்ட், இருவரும் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டைகள், இவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். மூட்டு வலிக்கென்று அவ்வப்போது வாங்கிப் போடும் வலி மாத்திரைகளையும் மறைக்காமல் சேர்த்துக் காட்டுங்கள். ஆஸ்பிரினோடு அவை சேரும்போது வயிற்றில் ரத்தக்கசிவு ஆபத்து பல மடங்கு ஏறும். உங்கள் கணவருக்கு வயிற்றைக் காக்கும் மாத்திரை ஒன்றையும் சேர்க்க வேண்டியிருக்கலாம். மலம் தார் போலக் கறுத்துப் போனால் உடனே தெரிவிக்க வேண்டும் என்பதை அவரிடம் சொல்லிவையுங்கள்.

ஸ்டாட்டினை நிறுத்தியதாக நீங்கள் எழுதவில்லை. இரண்டு பேரும் அதைத் தொடர்ந்து சாப்பிடுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அதையும் நிறுத்தியிருந்தால், இன்று போன் செய்யும்போதே அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.